ஆயுத பூஜையன்று நான் கழற்றிய டிஸ்க்

மகனுக்கு,

நலம் விசாரிக்கிற வரிகளை விட்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் பேசினோம். அன்றைக்கு நீ சொன்ன ஒன்றுதான் இதை எழுத வைக்கிறது. சென்னையில் ஒரு கம்பெனி, தன் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. திங்கட்கிழமை அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். நீ வேண்டாம் என்று சொல்லப் போகிறாய். ஏன்டா என்று கேட்டேன். "ஏழு வாரத்து ரிப்போர்ட்ட தொலைச்சவம்மா நானு. என் கையில போயி ஒரு கம்பெனியோட சர்வர குடுக்கச் சொல்றியா?" என்றாய். சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தாய். நான் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் பால் இல்லை. அந்த ஏழு வாரத்தைத் தொலைத்தது நீ இல்லை, நான்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ மன்னிப்புக் கேட்டது போனில் இல்லை. சிதம்பரம் கீழ வீதியில், நம் கிளையின் பெஞ்சில் ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டாய். அதனால் நானும் அத்தனை பேருக்கும் தெரிகிற மாதிரிதான் சொல்ல வேண்டும். ஒரு பிரதி உனக்கு, இன்னொன்று அந்தப் பெஞ்சுக்கு எதிரில் இருக்கும் அறிவிப்புப் பலகைக்கு. வெளியாட்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த விஷயத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நான் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் லேப், சிதம்பரத்தில் ரத்தம் எடுக்க மட்டும் ஒரு கிளை. அங்கே மேரி காலையில் எடுக்கிற சாம்பிள்கள் ஐஸ் பெட்டியில் பஸ் ஏறி, ஒன்பதரைக்குள் என் மேஜைக்கு வந்துவிடும். நீ இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கும்போது ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, இரண்டு ஊர் ரிப்போர்ட்டுகளும் ஒரே இடத்தில் சேருகிற மாதிரி செய்து கொடுத்தாய். அதற்கு சர்வர் என்று பெயர் சொன்னாய். எனக்கு அது ஒரு பொட்டி. அதன் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாக ஒரு டிஸ்க், வயரில் தொங்கியது. தினமும் லேப் மூடிய பிறகு, நீ எழுதி வைத்த ஸ்கிரிப்ட் என்கிற கட்டளைகள் ஓடி, எல்லா ரிப்போர்ட்டுக்கும் அந்த டிஸ்க்கில் ஒரு பிரதி தானாகவே ஏறிவிடும், அதுதான் பேக்கப் என்றாய். பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பும்போது சர்வரின் பாஸ்வேர்டை ஒரு கவரில் எழுதி ஒட்டி, "தீப்புடிச்சா மட்டும் பிரிம்மா" என்று கொடுத்துவிட்டுப் போனாய்.

நீ போன அடுத்த மாதம் ஆயுத பூஜை வந்தது. நம் லேபில் அன்றைக்கு எப்படி என்று உனக்குத் தெரியும். மத்தியானத்தோடு வேலையை நிறுத்தி, மைக்ராஸ்கோப், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற மெஷின், பிபி பார்க்கிற கருவி எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கி, பொரி கடலை படைத்தால் மறுநாள் காலை வரை எதையும் தொடக்கூடாது. பெரிய பொட்டியை அணைக்கக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாய். அணைக்கவில்லை. ஆனால் வருஷம் முழுக்க நமக்காக உழைக்கிற அந்தக் கறுப்பு டிஸ்க்குக்கு மட்டும் பூஜை இல்லையா என்று எனக்குத் தோன்றிவிட்டது. வயரைப் பிடுங்கினேன். உதவிக்கு வந்திருந்த மேரி, "அக்கா, அத கழட்டலாமா? தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமே" என்றாள். "உனக்கு இதெல்லாம் என்னா தெரியும், நீ உன் வேலயப் பாரு" என்றேன். அவள் மாதா கோவிலுக்குப் போகிறவள், பூஜையைப் பற்றி அவள் என்ன சொல்வது என்கிற திமிர். அவள் பூஜையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. டிஸ்க்குக்கு மூன்று விரலால் சந்தனம் இட்டேன். மறுநாள் காலையில் பொரியைத் தட்டிவிட்டு மறுபடியும் சொருகினேன். அதில் பச்சை விளக்கு எரிந்தது.

கார்த்திகை கடைசியில் ஒரு காலை, ரிப்போர்ட் அடிக்கப் போனால் இடமில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. வாசலில் பதினைந்து பேர். உன்னை இரண்டு தடவை கூப்பிட்டேன், நீ மீட்டிங்கில் இருந்தாய். தீ பிடிக்கவில்லை, ஆனாலும் கவரைப் பிரித்தேன். போனில் ஒரு வீடியோவில், பழைய பேக்கப்பை அழித்தால் இடம் கிடைக்கும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அடித்ததைப் பார்த்து நானும் அடித்தேன். 'இங்கே இருக்கிற எல்லாவற்றையும் அழி' என்று ஒரு வரி. பேக்கப் இருக்கிற அறைக்குள் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நின்றது அதற்கு வெளியே, ரிப்போர்ட், பேக்கப் எல்லாம் சேர்ந்து இருக்கிற பெரிய கூடத்தில். அந்த மெஷின் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு மூச்சு விடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. இடம் நிறையக் கிடைத்தது.

மத்தியானம் நீ கூப்பிட்டாய். அங்கிருந்தே உள்ளே போய்ப் பார்த்தாய். "ஒண்ணுமே இல்லம்மா. நீ எதனா தட்டுனியா?" என்று கேட்டாய். "நான் எதையும் தொடலப்பா" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாய் தானாகச் சொன்னது. ஆனால் அடுத்த நிமிஷமே திருத்தியிருக்கலாம். அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். நீ அன்று மாலையே பஸ் ஏறி வந்து, கறுப்பு டிஸ்க்கைத் திறந்து பார்த்து, அதில் ஆயுத பூஜை வரைக்கும்தான் இருக்கிறது, அதற்கப்புறம் ஒரு நாள்கூட பேக்கப் ஏறவில்லை என்று கண்டுபிடித்தாய். "என் ஸ்கிரிப்ட்டுதாம்மா தப்பு. பொட்டியில எடம் ரொம்பி அதுவே ரிப்போர்ட்ட கெடுத்துக்கிச்சு போல" என்றாய். உன் முகம் அப்படியே சுண்டிப் போயிருந்தது. என்ன தட்டப்பட்டது என்று அந்த மெஷினே லாக் என்று எழுதி வைத்திருக்கும், ஒரு நிமிஷத்தில் பார்த்திருக்கலாம். நீ பார்க்கவில்லை, அம்மா தொடவில்லை என்று சொன்னாளே. பொட்டிக்குள் புது டிஸ்க் போட்டு சர்வரைத் திரும்ப எழுப்பினாய். கெட்டுப் போனதாக நீ நினைத்த, பொட்டிக்குள் இருந்த பழைய டிஸ்க்கை ஒரு சாம்பிள் கவரில் போட்டுத் தேதி எழுதி என்னிடம் கொடுத்தாய். உனக்கு நான் ஒரு புத்தி சொல்வதானால் இதுதான்: யார் என்ன சொன்னாலும் லாகைப் பார். அம்மா சொன்னாலும் பார்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் எழுத வரவில்லை. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் கிளையில் உட்கார்ந்தாய். அந்த ஏழு வாரத்தில் வந்தவர்களை, பில் புத்தகத்தில் நம்பர் பார்த்துப் போனில் கூப்பிட்டு, கையில் இருக்கிற பிரிண்டைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினாய். காடாம்புலியூரிலிருந்துகூட ஒரு குடும்பம் பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்தது. பிரிண்ட் இல்லாதவர்களும் இருந்தார்கள். கிள்ளையிலிருந்து வந்த ஒருவர், கிட்னிக்காக மாதாமாதம் ரத்தம் பார்ப்பவர், இரண்டு மாத ரிப்போர்ட்டைத் தொலைத்துவிட்டு நம்மிடம் இருக்கும் என்று நம்பி வந்தார். "ஏறுதா எறங்குதான்னு டாக்டர் கேக்குறாரு. நான் என்னான்னு சொல்லுவேன்? ஊசி குத்திக்கினது நானு, நீ பாட்டுக்கு பொட்டி போச்சுன்னு சொல்லிட்ட!" என்று சத்தம் போட்டார். நீ எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டு, "என் தப்புங்க ஐயா. நான் சரியா பாக்கல. மன்னிச்சிருங்க" என்றாய். தலை குனிந்தே இருந்தது. அன்றைக்குக் கூட்டம் என்று மேரிக்கு உதவ வந்திருந்த நான், இரண்டு எட்டு தள்ளி ஒரு அம்மாவின் கையில் ரப்பர் கட்டிக்கொண்டிருந்தேன். "வலிக்குதும்மா, கழட்டுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் எவ்வளவு இறுக்கியிருந்தேன் என்று பார்த்தேன். மேரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஊசியைக் குத்தினேன், ரத்தம் எடுத்தேன், பஞ்சு வைத்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

நீ ஆறாவது படிக்கும்போது லேப் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உன் வீடியோ கேமைச் சொருகினாய். உள்ளே இருந்த கெமிக்கல் அத்தனையும் வீணாகப் போனது. யாரும் பார்க்கவில்லை. கரண்ட் போச்சு என்று நான் நம்பியிருப்பேன், கடலூரில் அதை நம்புவதா கஷ்டம்? நீயாக வந்து, "நான்தாம்மா கழட்டுனேன்" என்றாய். உண்மையைச் சொன்னதற்கு உனக்குக் கிடைத்தது இரண்டு அறை. உன் அப்பா குறுக்கே வராமல் இருந்திருந்தால் மூன்றாவதும் விழுந்திருக்கும். அந்தப் பையன்தான் வளர்ந்து, செய்யாத தப்புக்கும் என் தப்பு என்று சொல்கிறவனாக ஆகியிருக்கிறான். இதில் என் வளர்ப்பு எவ்வளவு, உன் சுபாவம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எந்த மெஷினும் என்னிடம் இல்லை.

பெங்களூருக்குத் திரும்பிப் போன நீ, சர்வர் பிரிவு வேண்டாம் என்று கேட்டு, தை மாதமே கஸ்டமரோடு போனில் பேசுகிற பிரிவுக்கு மாறிக்கொண்டாய். நம் சர்வரைப் பற்றிக் கேட்டபோது, "இனிமே நான் தொடமாட்டேம்மா. யாராச்சும் தெரிஞ்ச ஆளா வெச்சுக்க" என்றாய். வெளியாள் யாரை வைத்தாலும் முதலில் அந்தப் பழைய கதையைத்தான் தோண்டுவான் என்று எனக்குப் பயம். அதனால் நானே கற்றுக்கொள்வது என்று உட்கார்ந்தேன். பிராயச்சித்தம் என்று நீ நினைத்துவிடாதே, முதல் காரணம் பயம்தான். உன் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றுவதற்கே ஒன்பது நாள் ஆனது. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை லேபில் ஈ காக்கை இருக்காது, அதுதான் என் வகுப்பு நேரம். இணையத்தில் ஒரு இலவசப் பாடம், பக்கத்தில் ஒரு நீள நோட்டு. ஐம்பத்து நாலு வயதில் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

முதல் பாடத்தின் முதல் கமாண்டிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பி.டபிள்யூ.டி. ரோடு போடுகிற இலாகாவின் எழுத்துகளே என்பதால் மறக்கவும் முடியாது. அதை அடித்தால் நீ இப்போது எந்த இடத்தில் நிற்கிறாய் என்று மெஷின் சொல்லும். எதையும் செய்வதற்கு முன்னால், முக்கியமாக எதையும் அழிப்பதற்கு முன்னால், இதை அடித்துப் பார் என்று அந்தப் பாடத்தில் போட்டிருந்தது. குழந்தைக்கு 'அ' சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இருக்கிற விஷயம். அன்றைக்கு அந்த மூன்றெழுத்தை நான் அடித்திருந்தால் நீ யார் முன்னாலும் குனிந்திருக்க வேண்டாம். லேப்டாப்பை மூடிவிட்டு, கழுவிய ஸ்லைடுகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. சொன்னதைச் சரியாகச் செய்தால் அந்த மெஷின் ஒன்றும் பேசாது, தப்பாகச் சொன்னால் மட்டும் பேசும். இந்தக் குணம் எனக்கு மிகவும் பிடித்தது, நம் குடும்பத்தில் யாருக்கும் இல்லாதது. யார் எந்த ஃபைலைப் படிக்கலாம், யார் திருத்தலாம் என்கிற அனுமதிகள் நம் ஃப்ரிட்ஜ் சாவி மாதிரிதான் என்று புரிந்ததும் எளிதாகிவிட்டது. ரூட் என்பது எல்லாச் சாவியும் ஒரே கையில் இருப்பது. அதை வைத்துக்கொண்டு அன்றாட வேலை செய்யக் கூடாது என்பதையும் பட்டுத்தான் கற்றேன். ஒருநாள் சிதம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு கடலூர் சர்வருக்குப் பாதுகாப்பு போடுகிறேன் பேர்வழி என்று, வெளியிலிருந்து உள்ளே போகிற எல்லா வழியையும் அடைத்துவிட்டேன், நான் போகிற வழியையும் சேர்த்து. வேறு வழியில்லை, பஸ் ஏறிப் போய்க் கடலூரில் அதன் முன்னாலேயே உட்கார்ந்து திறக்க வேண்டும். நம் ஐஸ் பெட்டியை ஏற்றிவரும் கண்டக்டர், "என்னா மேடம், இப்பத்தான வந்தீங்க, அதுக்குள்ள திரும்புறீங்க?" என்றார். "சாவிய உள்ள வச்சிப் பூட்டிட்டு வந்துட்டேன்" என்றேன். "அய்ய, மாத்து சாவி ஒண்ணு வெளிய வெக்க மாட்டீங்களா?" என்றார். இணையப் பாடத்திலும் அதுவேதான் எழுதியிருந்தது. முட்லூர் தாண்டும் வரை தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

இப்போது மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, பேக்கப்பிலிருந்து ரிப்போர்ட்டுகளை எடுத்து உன் பழைய லேப்டாப்பில் ஏற்றி, பத்துப் பேரின் அளவுகளை அசலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ரத்தம் சோதிக்கிற மெஷினையே தினமும் காலையில் தெரிந்த சாம்பிளை வைத்துச் சரிபார்க்கிறவள் நான். ஆனால் கறுப்பு டிஸ்க்கில் பச்சை விளக்கு எரிந்ததை மட்டும் ஏழு வாரம் நம்பினேன். எடுத்து வைத்தது திரும்பி வருகிறதா என்று பார்க்காத வரை அது பேக்கப்பே இல்லை.

போன மாதம், கவரில் கிடந்த பழைய டிஸ்க்கை எடுத்துச் சொருகிப் படிக்கிற அளவுக்குத் தைரியம் வந்தது. அழித்தது நான் என்று எனக்குத் தெரியும். ஆனால் பேக்கப் ஏன் நின்றது என்பது மட்டும் உன் கணக்கில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்வதானால், அந்த ஒன்றாவது உன் தப்பாக இருக்காதா என்று தேடித்தான் அதைத் திறந்தேன். அப்படியும் ஒரு தாய். லாகைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனேன். ஆயுத பூஜையன்று மாலை நாலே காலுக்கு, வெளி டிஸ்க் பிடுங்கப்பட்டது என்று ஒரு வரி. மறுநாள் காலை ஏழு மணிக்கு, திரும்பச் சொருகப்பட்டது என்று இன்னொரு வரி. அவ்வளவுதான். சொருகினால் மட்டும் போதாது, அதை உள்ளே இணைக்கிறதற்கு ஒரு கமாண்ட் தர வேண்டும் என்பது இன்றைக்கு எனக்குத் தெரியும், அன்றைக்குத் தெரியாது. டிஸ்க் இருக்க வேண்டிய இடம் வெறும் அறையாக இருந்ததால், பேக்கப் எல்லாம் பொட்டிக்குள்ளேயே குவிந்து இடத்தை அடைத்தது. அடைத்ததை எடுக்கப் போய் எல்லாவற்றையும் அழித்தேன். முதலிலிருந்து கடைசி வரை என் கைதான். கறுப்பு டிஸ்க் வெளியே நின்றதால் அதற்கு முந்தைய இரண்டு வருஷத்து ரிப்போர்ட்டுகள் மட்டும் பிழைத்தன. அதற்காகச் சாமிக்கு நன்றி சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

மேரியைக் கூப்பிட்டு அந்த இரண்டு வரியையும் காட்டினேன். "எனக்கு அப்பவே தெரியும்க்கா" என்றாள். "ஏன்டி சொல்லல?" என்று எரிந்து விழுந்தேன். "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துனே இருந்தேன். தம்பி அத்தினி பேரு முன்னாடி கையெடுத்துக் கும்புட்டப்ப சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அப்பவும் சொல்லல. அதுக்கப்பறம் எனக்குக் கேக்கத் தோணலக்கா." அவள் குரலில் கோபம்கூட இல்லை. இரண்டு வருஷமாக அவள் என்னை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

உன் பங்கும் ஒன்று இருக்கிறது, அதை மறைத்தால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பேக்கப் எடு, இல்லையென்றால் சத்தம் போடு என்று உன் ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி இருந்திருக்க வேண்டும். இல்லை. படித்துக்கொண்டிருந்த பையன், அம்மா டிஸ்க்குக்குப் பொட்டு வைப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. குறை என்றால் இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டவன் ஜென்மத்துக்கும் அந்தத் தப்பைச் செய்ய மாட்டான். இதற்காக ஒருவன் தனக்குத் தெரிந்த தொழிலை விட்டுவிட்டு ஓடுவானா? அந்த வரியை நானே எழுதிச் சேர்த்துவிட்டேன். மூன்று நாள் பிடித்தது, வேலை செய்கிறது.

என் வார்த்தையை நம்பச் சொல்லவில்லை. அதற்கான யோக்கியதை எனக்கு இல்லை. பழைய டிஸ்க்கை இன்று கூரியரில் அனுப்பியிருக்கிறேன், சனிக்கிழமை உன் கைக்கு வரும். நான் அடித்த வரிகளும் பூஜையன்று பிடுங்கிய நேரமும் அதில் அப்படியே இருக்கின்றன, நீயே படித்துக்கொள். உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, இந்தக் கடிதத்தைப் பலகையில் ஒட்டுவதற்கு முன்னால் அவரிடம் கொடுப்பேன். கிள்ளைக்காரர் அடுத்த வாரம் வருவார், அவரிடம் படித்துக் காட்டுவேன். அந்த வேலைக்குப் போ என்றும் நான் சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல், சம்பளம் போதவில்லை என்றால் அதைச் சொல், தொலைத்தவன் என்று மட்டும் சொல்லாதே. இதைப் படித்த பிறகு நீ என் போனை எடுக்க மாட்டாயோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, கண்ணு. அந்தப் பயத்தில்தான் இரண்டு வருஷம் போனது. நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் இருந்துகொள். திங்கட்கிழமை அவர்களோடு பேசிவிடு.

அம்மா